உதறிய ஸ்டியரிங்கும் அடைத்துக்கொண்ட பிரீதரும்: ஒரு பழைய லேண்ட் குரூசரின் வீட்டுப் பராமரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1974-இல் தயாரான டொயோட்டா லேண்ட் குரூசர், 40 வரிசை. 1960 முதல் 1984 வரை வெளிவந்த வரிசை அது. ஆறு சிலிண்டர், 3.9 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். முன்னும் பின்னும் குறுக்கே ஒரே துண்டாக ஓடும் கனத்த ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பவர் ஸ்டியரிங் கிடையாது.

உரிமையாளர் ஐம்பதைத் தாண்டியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்த வண்டியை வாங்கினார். கார்புரேட்டர், பாயிண்ட், எண்ணெய் மாற்றுவது வரைக்கும் வீட்டிலேயே செய்துகொள்வார். அவருடைய கல்லூரி மாணவியான மகளும் கூடவே நின்று வேலை பார்ப்பாள். எனக்கும் பழைய நாலு சக்கர இயக்க வண்டி ஒன்று உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். கீழே உள்ளது மூன்று மாதங்களில் நாங்கள் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து தொகுத்தது.

உரிமையாளர் மனதில் பெரிய திட்டம் இருந்தது. வண்டியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், 33 அங்குல டயர் போட வேண்டும், முன்பக்கம் டிஸ்க் பிரேக் வைக்க வேண்டும். மூன்றுமே நியாயமான ஆசைகள்தான். ஆனால் அந்தச் சமயத்தில் வண்டி ஏற்கெனவே இரண்டு குறைகளோடு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் தெரிந்த குறைகள்

ஒன்று, பிரேக் மிதித்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. வெளியே ஒரு பட்டறையில் காட்டியபோது இடதுபக்கப் பிரேக் அதிகம் பிடிக்கிறது என்று சொல்லி, அந்தப் பக்கத்தைத் தளர்த்திக் கொடுத்தார்கள். இழுப்பு குறைந்தது. பிரேக்கும் குறைந்தது. நிற்க வேண்டிய தூரம் நீண்டுவிட்டதை உரிமையாளர் உணர்ந்தாலும், பழைய டிரம் பிரேக் இவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார். டிஸ்க் போடும் எண்ணம் அழுத்தமானது அதற்கு அப்புறம்தான்.

இரண்டு, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று உதறியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு மூன்று விநாடிகளில் அடங்கிவிடும்.

முதல் முடிவும் அதன் விளைவும்

உதறலுக்கு ஸ்டியரிங் டாம்பர்தான் (ஸ்டியரிங்கின் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் போன்ற உறுப்பு) காரணம் என்று முடிவு செய்து புதிதாக ஒன்று வாங்கினார். சக்கரங்களைக் கழற்றப் போகிறோமே என்று, உயர்த்தும் வேலையையும் அதோடு சேர்த்துக்கொண்டார். முன்பக்கம் அசலைவிட 5 செ.மீ. நீளமான ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பு), அப்புறம் 33 அங்குல டயர். ஒரே வார இறுதியில் மூன்று மாற்றங்கள்.

முதல் ஓட்டத்தில் ஸ்டியரிங் லேசாக இருந்தது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் திருப்பத்தில் வளைத்த பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. கையால் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது. நேர்சாலையிலும் வண்டி அலைந்தது.

அடுத்த வாரம், 45 கி.மீ. வேகத்தில் சாலையின் குறுக்கே இருந்த ஒரு சின்ன மேட்டில் ஏறியவுடன் உதறல் தொடங்கியது. இந்த முறை காலை எடுத்தும் அடங்கவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமும் அடித்துக்கொண்டன, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை, பானட்டே குலுங்கியது. வண்டியைக் கிட்டத்தட்ட முழுதாக நிறுத்திய பிறகுதான் ஓய்ந்தது. மகள் பக்கத்து இருக்கையில் இருந்தாள். பின்னால் வாகனம் எதுவும் வராதது நல்லதாகப் போயிற்று. அன்று மாலை அவர் என்னைக் கூப்பிட்டார்.

பிரிக்குமுன் பார்த்தவை

எதையும் கழற்றாமல் முதலில் அளந்து பார்ப்போம் என்று பேசி வைத்துக்கொண்டோம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கினோம்.

சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டினேன். வலதுபக்கம் டொக் டொக்கென்று நன்றாகவே ஆடியது. சக்கரம் சுழலும் ஹப் பேரிங் தளர்ந்தாலும் இந்த ஆட்டம் வரும், சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங் தளர்ந்தாலும் வரும். பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்தால் டிரம்மும் பின்தட்டும் ஒன்றாகிவிடும், எனவே ஹப் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். எஞ்சி நிற்பது கிங்பின்னுடையது. மகள் பிரேக்கை மிதித்தாள். ஆட்டம் பாதிதான் குறைந்தது. அதாவது இரண்டிலும் குறை.

அடுத்தது கேஸ்டர். முன்சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவருகிறது. இந்த வண்டிக்கு அசல் அளவே 1 டிகிரிதான். இதில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் இருப்பது ஸ்பிரிங்கின் முன்முனையில். அங்கே நீளமான ஷேக்கிள் போட்டால் ஸ்பிரிங்கின் முன்முனை கீழே இறங்கி, ஆக்ஸிலே முன்பக்கமாக உருளும், அச்சின் மேல்முனையும் முன்னால் வந்துவிடும். வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரங்களை நேராக வைத்து, கிங்பின் மேல்மூடியின் தட்டையான பரப்பில் டிஜிட்டல் கோணமானியை வைத்துப் பார்த்தோம். சாய்வு எதிர்ப்பக்கம் ஒன்றரை டிகிரி. கணக்கும் ஒத்துப்போனது: ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள ஸ்பிரிங்கின் ஒரு முனையை 5 செ.மீ. இறக்கினால் இரண்டரை டிகிரிக்கு மேல் உருளும். அவருக்குக் கிடைத்த உயரமோ அதில் பாதி, 2.5 செ.மீ.தான். ஷேக்கிள் ஒரு முனையை மட்டும்தானே இறக்குகிறது.

மூன்றாவது சோதனைதான் எங்களுக்கு வழி காட்டியது. இந்த ஆக்ஸிலின் இரு முனையிலும் நக்கிள் என்ற பந்து போன்ற கூடு உண்டு. அதற்குள் பர்ஃபீல்ட் ஜாயிண்ட்டும் (சக்கரம் திரும்பியிருந்தாலும் அதைச் சுழற்றும் மூட்டு) கிங்பின் பேரிங்குகளும் கெட்டியான கிரீஸில் இருக்க வேண்டும். நடுவே, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃப்பரன்ஷியலில் இருப்பது கியர் ஆயில். இரண்டையும் பிரித்து வைப்பது ஆக்ஸில் குழாயின் முனையில் இருக்கும் ஓர் ஆயில் சீல். நக்கிளின் மேல் உள்ள சதுரத்தலைத் திருகைக் கழற்றி விரலை விட்டால் கிரீஸ் தட்டுப்பட வேண்டும். வலதுபக்கம் தளும்பி வழிந்தது, கறுத்த கஞ்சி மாதிரி. மகள் இடதுபக்கம் போய்த் திறந்தாள்.

“அப்பா, இங்கேயும் இப்படித்தான் இருக்கு. ஆனா இவ்வளவு தண்ணியா இல்ல.”

பிரித்தபோது கண்டவை

வலதுபக்கத்தை முதலில் எடுத்தோம். ஹப் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட் வேண்டும். நட்டின் முகங்களில் உளி வைத்து அடித்த தழும்புகள் வரிசையாக இருந்தன. சாக்கெட் இல்லாமல் உளியும் சுத்தியலுமாக யாரோ முன்பு இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் பேரிங் எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்பது இறுக்கியவருக்கே தெரியாது.

டிரம்மைக் கழற்றியவுடன் இடதுபக்கம் இழுத்ததன் காரணம் கண்முன் இருந்தது. வலதுபக்க லைனிங் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை) இரண்டும் எண்ணெயில் ஊறிப் பளபளத்தன. டிஃப்பரன்ஷியல் எண்ணெய் சீலைத் தாண்டி நக்கிளுக்குள் வந்து, கிரீஸைக் கரைத்து, ஸ்பிண்டில் (ஹப்பைத் தாங்கும் குழல் தண்டு) வழியாக ஹப் பேரிங்குக்குள் போய், அங்கிருந்து டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. வலதுபக்கம் வழுக்கியதால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த இடதுபக்கப் பிரேக்கைத்தான் பட்டறையில் தளர்த்தியிருந்தார்கள்.

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. எனவே தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டினோம்.

ஸ்டியரிங் ஆர்மைப் பிடித்திருக்கும் ஸ்டட்களில் கூம்பு வாஷர்கள் இருக்கும். நட்டைக் கழற்றினாலும் அவை விடாது. நட்டை ஸ்டட்டின் நுனிவரை தளர்த்திவிட்டு, ஆர்மின் பக்கவாட்டில் பித்தளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு வாஷர் டிக்கென்று மேலே துள்ளியது. அதைப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குக் காத்திருக்கப் பொறுமை வந்தது.

கிங்பின் பேரிங்குகளின் வெளிவளையத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளங்கள் வரிசையாகத் தட்டின. சக்கரம் பெரும்பாலும் நேராகவே நிற்பதால் உருளைகள் ஒரே இடத்தில் அடிபட்டுப் பதிந்த தடங்கள். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றியிருந்த நிலையில் நக்கிளை ஒரு விரலால் தள்ளினால் போதும், திரும்பியது. இந்த வகை ஆக்ஸிலில் கிங்பின் பேரிங் ஓரளவு முன்னிறுக்கத்தில், அதாவது ஆட்டமே இல்லாமல் சற்று அழுத்தி இறுக்கிய நிலையில், இருக்க வேண்டும். உதறல் கிளம்பினால் அதை அங்கேயே அடக்குவது அந்த இறுக்கத்தின் உராய்வுதான். வலதுபக்கம் அது அறவே இல்லை.

சீலை நெம்பி எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, அதன் உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. கிங்பின்னின் மேலும் கீழும் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து நக்கிளை ஆக்ஸில் தண்டின் மையத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். இங்கே ஷிம் எல்லாம் மேலே இருந்தது, கீழே ஒன்றுகூட இல்லை. தண்டு மையம் விலகி, சீலின் ஒரு பக்கத்தையே அழுத்திக்கொண்டு சுற்றியிருக்கிறது.

அதோடு முடித்திருப்போம். ஆனால் இடதுபக்கம் ஷிம் சரியாகவே இருந்தும் அங்கேயும் எண்ணெய் கலந்திருந்ததே என்று மகள் கேட்டாள். சரியான கேள்வி. ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பிரீதர் உண்டு. ஓடும்போது எண்ணெய் சூடாகி உள்ளே காற்று விரிந்தால், அதை வெளியே விடுவதற்கான வழி. அதன் மூடி கையால் தொட்டால் ஆட வேண்டும், ஆடவில்லை. மேலே இரண்டு பூச்சு பெயிண்ட், உள்ளே இறுகிய சேறு. வண்டிக்கு அடிபாகம் பெயிண்ட் அடித்தபோது அதையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். வெளியேற வழியில்லாத அழுத்தம் எண்ணெயை இரண்டு சீல்களின் வழியாகவும் தள்ளியிருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நீளமான ஷேக்கிளைக் கழற்றி அசலையே போட்டோம். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஆப்புத்தகடு வைத்துக் கேஸ்டரைத் திருத்தலாமே என்று உரிமையாளர் கேட்டார். செய்யலாம்தான். ஆனால் ஆக்ஸிலைப் பின்னோக்கி உருட்டினால் டிஃப்பரன்ஷியலின் மூக்கும் கீழே சாயும், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மோசமாகும். 2.5 செ.மீ. உயரத்துக்காக இன்னொரு சிக்கலை வரவழைக்க வேண்டாம் என்று அவரே விட்டுவிட்டார். பெரிய டயர்களையும் இறக்கி, பழைய அளவுக்குத் திரும்பினோம். குறை எது, மாற்றம் எது என்று பிரித்துப் பார்க்க இது அவசியமாக இருந்தது.

கிங்பின் பேரிங், ஹப் பேரிங், சீல்கள் எல்லாம் இருபக்கமும் புதிது. லைனிங்கும் இருபக்கமும் புதிது. எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ தீயில் காட்டியோ மறுபடி போடுபவர்கள் இருக்கிறார்கள். மேலே காய்ந்ததாகத் தெரியும், நாலு முறை பிரேக் சூடானால் உள்ளே இருந்து எண்ணெய் திரும்பக் கசியும். அதைச் செய்யவே கூடாது.

டிஸ்க் பிரேக்கைத் தள்ளிவைத்தோம். சீல் கசிகிற ஆக்ஸிலில் டிஸ்க் வைத்தாலும் எண்ணெய் பேடில்தான் போய் விழும். இன்னொன்றும் உண்டு. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர், குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வோடு வரும். அதை அப்படியே டிஸ்க்குக்கு இணைத்தால் பேடு உரசிக்கொண்டே இருக்கும். எனவே அது தனியாகத் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

சேர்த்தது, இடையில் நடந்த தவறு

மையம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி, ஷிம்களை மேலும் கீழும் பிரித்து வைத்தோம். முன்னிறுக்கத்துக்கு ஸ்பிரிங் தராசு. டை ராட் இணையாத நிலையில் ஸ்டியரிங் ஆர்மின் நுனியில் தராசைக் கொக்கி மாட்டி இழுத்து, நக்கிள் நகரத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கையேட்டு அளவுக்கு வரும்வரை, மையம் கெடாதபடி மேலும் கீழும் சமமாக ஷிம்மைக் கூட்டிக் குறைத்தோம். வலதுபக்கம் ஐந்து முறை பிரித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. பர்ஃபீல்ட் ஜாயிண்ட்டில் மோலி கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் திணித்தோம்.

பிரீதரை மாற்றி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எஞ்சின் அறையின் பின்சுவர் வரை மேலே ஏற்றிக் கட்டினோம். இனி சேறோ ஆற்றுநீரோ எட்டாது. இந்த வண்டிக்கு நாங்கள் செய்த ஒரே ‘மேம்பாடு’ இதுதான், செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

தவறு நடந்தது ஹப் நட்டில். புதிய பேரிங் போட்டதும் உரிமையாளர் கைக்கு இறுக்கமாகத் தெரிந்த அளவில் நட்டை நிறுத்திப் பூட்டிவிட்டார். நானும் சரிபார்க்கவில்லை. 12 கி.மீ. ஓட்டி வந்து தொட்டால் வலது ஹப்பில் கை வைக்க முடியவில்லை. இடது ஹப் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. மறுபடி பிரித்தோம். பேரிங்குக்கு நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை. இந்த முறை ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங் உட்கார்ந்த பிறகு தளர்த்தி, மறுபடி மெதுவாக இறுக்கினோம். சக்கர ஸ்டட்டில் அதே ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து அளவு பார்த்தோம். இடதுபக்கத்தையும் அதே முறையில் திரும்பச் செய்தோம். பிரேக் குழாய்களைக் கழற்றியிருந்ததால் கடைசியாக உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து), டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு) சரிபார்த்தோம்.

விளைவு

முதல் சோதனை ஓட்டத்தை டாம்பர் இல்லாமல் செய்தோம். வேண்டுமென்றேதான். டாம்பர் உதறலை மூடி மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது. அதே சாலை, அதே மேடு. ஆள் நடமாட்டமில்லாத அதிகாலையில் 30-இல் தொடங்கி ஒவ்வொரு பத்தாகக் கூட்டி 70 வரை போனோம். மேட்டில் சக்கரம் ஏறியபோது ஸ்டியரிங்கில் ஒரு தட்டு மட்டும் வந்தது, அதோடு நின்றது. திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் உரிமையாளரின் உள்ளங்கையில் உரசியபடி தானே நேருக்குத் திரும்பியது. அவர் இரண்டு நிமிடம் எதுவும் பேசவில்லை. அப்புறம்தான் புது டாம்பரைப் பூட்டினோம்.

லைனிங் பதிய ஓரிரு நூறு கிலோமீட்டர் ஆனது. அதன் பிறகு 50 கி.மீ. வேகத்தில் அழுத்தி மிதித்தால் வண்டி நேராக நிற்கிறது. டிரம் பிரேக் இவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்திருந்தால் டிஸ்க் பற்றி யோசித்திருக்கவே மாட்டேன் என்றார் அவர். மலைச்சாலையில் அடிக்கடி இறங்குபவர் என்பதால் டிஸ்க் அவருக்குப் பயன்படும் என்பதே என் கருத்து. அவசரம் இல்லை, அவ்வளவுதான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒரே வார இறுதியில் மூன்று மாற்றங்கள் செய்ததால் எது எதைக் கெடுத்தது என்பதே தெரியாமல் போனது. இப்போது அவர் ஒன்றை மாற்றி, குறைந்தது 100 கி.மீ. ஓட்டிக் குறிப்பெழுதிய பிறகே அடுத்ததைத் தொடுகிறார். கேஸ்டரை ஷேக்கிள் மாற்றுவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை அது.

உதறல் முதல்முறை வந்தபோதே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். அடங்கிவிடுகிறதே என்று இரண்டு மாதம் ஓட்டியது பெரிய தவறு, மகளை ஏற்றிக்கொண்டு ஓட்டியது அதைவிடப் பெரியது என்று அவரே இந்தக் குறிப்பில் எழுதச் சொன்னார்.

நக்கிளின் திருகைத் திறந்து விரல் விட்டுப் பார்ப்பதை எண்ணெய் மாற்றும்போதெல்லாம் செய்யும் வேலையாக்கியிருக்கிறோம். பிரீதர் குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பதும் அதோடு சேர்ந்தது.

1,200 கி.மீ. ஆன பிறகு திறந்து பார்த்ததில் வலதுபக்கக் கிரீஸ் வைத்தபடியே கெட்டியாக இருக்கிறது. இடதுபக்கம் அடியில் மட்டும் கொஞ்சம் இளகியிருக்கிறது. ஆக்ஸில் தண்டை உள்ளே செலுத்தும்போது இடதுபக்கத்தில் அதன் எடை ஒரு கணம் புதிய சீலின் உதட்டில் உட்கார்ந்தது. அப்போதே எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. இன்னும் 500 கி.மீ. ஓட்டிப் பார்த்து, மேலும் இளகினால் இடதுபக்கத்தை மட்டும் மறுபடி பிரிப்பதாக இருக்கிறோம். புதுச் சீல் வாங்கி வைத்தாயிற்று.